பழைய டிராக்டருக்குப் புதுப் பாட்டரி: எர்த் எந்த முனை என்று பார்த்தீர்களா?

ஊரப்பாக்கம், ஆதனூர், காயரம்பேடு, நந்திவரம் வட்டாரத்தில் ஏரிப் பாசன நிலங்களில் பெரும்பகுதி வீட்டு மனைகளாகிவிட்டது. எஞ்சியிருக்கும் நிலத்தில் நெல்லும் காய்கறியும் பயிரிடுகிற சிறு விவசாயிகளில் சிலர், 1960, 70களில் வந்த டிராக்டர்களையே இன்னும் ஓட்டுகிறார்கள். புது டிராக்டருக்குப் பல லட்சம் வேண்டும். பழையதோ நன்றாகப் பராமரித்தால் சேறு கலக்கவும், டிரெய்லர் இழுக்கவும் குறைவின்றிப் பயன்படும். அந்தக் காலத்து இஞ்சின் இரும்பு எளிதில் தேய்வதில்லை. ஆனால் அதன் மின் இணைப்புகள் அப்படியல்ல. பழைய டிராக்டர் கொட்டகையிலேயே நின்றுவிடுவதற்கு, பத்தில் பாதி தடவை, பாட்டரியும் ஒயரிங்கும்தான் காரணமாக இருக்கும்.

அதிலும் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. பழைய பாட்டரி செத்துவிட்டதென்று புதியது வாங்கி வருகிறார்கள். இந்நாளில் வரும் எல்லா வண்டியிலும் நெகட்டிவ் முனையே பாடியோடு சேர்ந்திருப்பதால், கடைப் பையனும் பழக்க தோஷத்தில் நெகட்டிவை எர்த்தில் மாட்டுகிறான். சாவியைத் திருப்பினால் செல்ப் சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. எல்லாம் சரி என்று இஞ்சினைக் கிளப்பி வேகம் கொடுத்ததும், டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வருகிறது. கட்டவுட் பெட்டி கருகிவிட்டது. சில நேரம் டைனமோவும் சேர்ந்து போய்விடும். பாட்டரி வாங்கிய அன்றே, இன்னொரு பாட்டரியின் விலைக்குச் செலவு வந்து நிற்கிறது.

இது ஏன் நேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தடுப்பது மிக எளிது.

எர்த் என்றால் என்ன?

பாட்டரியின் இரண்டு முனைகளில் ஒன்றிலிருந்து ஒயர்கள் வழியாக விளக்கு, ஹாரன், செல்ப் மோட்டார் ஆகியவற்றுக்கு மின்சாரம் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் பாதை. எனவே மற்றொரு முனை, பட்டையான பின்னல் கம்பியால் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதைத்தான் எர்த் என்கிறோம். வீட்டு மின்சாரத்தில் பூமியில் புதைக்கும் எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எந்த முனையை உடலோடு சேர்ப்பது என்பதில் ஒரு காலத்தில் இரு கட்சிகள் இருந்தன. இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் 1930களின் நடுவிலிருந்து பாசிட்டிவ் முனையை உடலோடு சேர்க்கும் முறைக்கு மாறினார்கள். துரு குறையும், பெட்ரோல் இஞ்சினில் பிளக்கின் பொறி நன்றாக இருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1960களில் டிரான்சிஸ்டர் ரேடியோவும், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரும் வந்தபோது நெகட்டிவ் எர்த்தே உலக வழக்கமாயிற்று. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்து வண்டிகளும் படிப்படியாக அதற்கு மாறிவிட்டன.

நம் பக்கத்துக்கு இது வெறும் பழங்கதையல்ல. ஊரப்பாக்கத்துக்கு வடக்கே, வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையோரமாகத்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1955 முதல் ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று இங்கிலாந்து வடிவமைப்புக் கார்களை அங்கே செய்தார்கள். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றுபோயிற்று. இங்கிலாந்தில் அதன் தாய்க் கம்பெனியே 1946 முதல் பத்தாண்டு காலம், கவென்ட்ரி நகரில், சாம்பல் நிற பெர்குசன் டிராக்டரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து அனுப்பியது. அந்த பெர்குசனின் வழிவந்த மாஸி பெர்குசன் டிராக்டர்களை 1960களின் தொடக்கத்திலிருந்து சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனம் செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை டைனமோ, செல்ப் மோட்டார் ஆகியவற்றைத் தயாரிக்கத் தொடங்கிற்று. ஆக, இந்த வட்டாரத்துக் கொட்டகைகளில் இருக்கும் பழைய டிராக்டரானாலும், காரானாலும், வேனானாலும், அதன் மின்சார அமைப்பு இங்கிலாந்து முறையில் பிறந்ததாக இருக்கக்கூடும். சில பாசிட்டிவ் எர்த், சில நெகட்டிவ் எர்த். ஒரே மாடலில் கூட ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம். இடையில் வாங்கியவர் மாற்றியும் இருக்கலாம். ஆகையால் "இந்தக் கம்பெனி வண்டி இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். வண்டியைத்தான் கேட்க வேண்டும்.

செல்ப் சுற்றுவதை நம்பலாமா?

கூடாது. பழைய செல்ப் மோட்டாரில் காந்தமும் கம்பிச் சுருளால் ஆனது, சுழலும் ஆர்மேச்சரும் கம்பிச் சுருளால் ஆனது. பாட்டரியைத் திருப்பி மாட்டினால் இரண்டிலும் மின்சாரம் ஒருங்கே திரும்புகிறது. ஆகவே மோட்டார் பழைய திசையிலேயே சுற்றும். பல்புக்கும் ஹாரனுக்கும் முனை பேதம் கிடையாது. தவறாக மாட்டியதை இவை எதுவும் காட்டிக் கொடுக்காது.

காட்டிக் கொடுப்பது டைனமோதான். டைனமோவின் இரும்பில் முன்பு ஓடியதன் மிச்சமாகச் சிறிது காந்தம் தங்கியிருக்கும். அதை வைத்தே அது மீண்டும் மின்சாரம் உண்டாக்கத் தொடங்குகிறது. அந்த மிச்சக் காந்தம் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதாக இருந்து, பாட்டரியை நெகட்டிவ் எர்த்தில் மாட்டிவிட்டால், இஞ்சின் வேகம் எடுத்ததும் டைனமோ பழைய திசையிலேயே வோல்டேஜ் கொடுக்கும். கட்டவுட்டுக்கு வோல்டேஜ் வந்தது தெரியுமே தவிர, எந்தத் திசை என்று தெரியாது. அது தன் முள்ளைச் சேர்த்துவிடும். அப்போது பாட்டரியின் 12 வோல்ட்டும் டைனமோவின் 12, 13 வோல்ட்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு, நடுவே தடுக்க எதுவும் இல்லாமல் பாயும். முள்கள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. ஒயர் பழுக்கிறது. சில சமயம் டைனமோ தானாகவே திசை மாறிக்கொண்டு தப்பிவிடுவதும் உண்டு. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது.

ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியானால் இன்னும் மோசம். இஞ்சின் ஓடவே வேண்டாம். பாட்டரியைத் தலைகீழாக மாட்டிய நொடியிலேயே அதனுள் இருக்கும் டையோடுகள் எரிந்துவிடும்.

வண்டியைக் கேட்பது எப்படி?

முதலில் டைனமோ, கட்டவுட் பெட்டி, பாட்டரித் தட்டு ஆகிய இடங்களில் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் எர்த் முனை இன்னதென்று எழுதியிருக்கும். அடுத்து, பழைய பாட்டரி கிளாம்புகள். பாட்டரியில் பாசிட்டிவ் குமிழ் சற்றுப் பருமன், நெகட்டிவ் குமிழ் சற்று ஒல்லி. எனவே உடலோடு சேரும் பின்னல் கம்பியின் கிளாம்பு, பெரிய துளை உள்ளதா, சிறிய துளை உள்ளதா என்று பார்த்தால் ஓரளவு புரியும். கிளாம்பை யாரோ சுத்தியலால் தட்டி விரித்திருந்தாலும், தகரத் துண்டு சொருகி இறுக்கியிருந்தாலும் எச்சரிக்கையாகுங்கள். முன்பே ஒருவர் முனையை மாற்றியிருக்கிறார் என்று பொருள்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி டைனமோவின் மிச்சக் காந்தமே. டீசல் இஞ்சின் ஓடுவதற்குப் பாட்டரி தேவையில்லை. பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, டைனமோவிலிருந்து இரண்டு ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். பெரிய டெர்மினல் டி எனவும், சிறியது எஃப் எனவும் குறிக்கப்பட்டிருக்கும். வண்டியைச் சரிவில் தள்ளிக் கிளப்பி, மிதமான வேகத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை டி டெர்மினலிலும், கறுப்பு முனையை இஞ்சின் இரும்பிலும் வையுங்கள். ஒன்றரை முதல் மூன்று வோல்ட் வரை காட்டும். கழித்தல் குறி இல்லாமல் காட்டினால் டைனமோ நெகட்டிவ் எர்த்துக்குப் பழகியது. கழித்தல் குறியோடு காட்டினால் பாசிட்டிவ் எர்த். எதுவுமே காட்டாவிட்டால் மிச்சக் காந்தம் போய்விட்டிருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மின்விசிறி பெல்ட் அருகே கை வேலை செய்யும்போது துண்டு, வேட்டி நுனி, தொங்கும் சட்டைக் கை எதுவும் இருக்கக் கூடாது.

பாட்டரியே பொய் சொன்னால்?

புதுப் பாட்டரியில் குறிகளை நம்பலாம். பழைய பாட்டரியில், அதுவும் குறி அழிந்துபோனதில், நம்ப முடியாது. பல மாதம் கிடந்து முழுதும் இறங்கிவிட்ட பாட்டரியைச் சார்ஜ் கடையில் தலைகீழாக மாட்டி ஏற்றினால், அது தலைகீழாகவே ஏறிக்கொள்ளும். பாசிட்டிவ் என்று பொறித்த முனை நெகட்டிவாக வேலை செய்யும். இப்படி ஏறிய பாட்டரி நீண்ட நாள் உழைப்பதும் இல்லை. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நொடியில் இது தெரிந்துவிடும். இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு மீட்டரை இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொண்டாலும் போதும்.

மீட்டர் இல்லாத இடத்தில் ஓர் உருளைக்கிழங்கு போதும். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு செப்புக் கம்பிகளைக் குத்தி, பாட்டரி முனைகளோடு சேருங்கள். சில நிமிடங்களில் ஒரு கம்பியைச் சுற்றிப் பச்சை நிறம் படரும். அதுவே பாசிட்டிவ். மற்றதில் நுரை கட்டும். கம்பிகள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டால் ஆபத்து நேராமலிருக்க, ஒரு கம்பியின் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கிழங்கைப் பிறகு எறிந்துவிடுங்கள், சமையலுக்கு ஆகாது.

கழற்றும் வரிசை

"மைனஸை முதலில் கழற்று" என்று மெக்கானிக்குகள் சொல்லிக் கொடுப்பார்கள். நெகட்டிவ் எர்த் வண்டிக்கு அது சரி. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதுவே ஆபத்து. எர்த் அல்லாத முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை எதாவது இரும்பில் பட்டால், பாட்டரியின் முழுச் சக்தியும் ஸ்பேனர் வழியே பாயும். கை வெந்துபோகும். பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயுவில் பொறி பட்டால் பாட்டரியே வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். ஆகவே எந்த வண்டியானாலும், எர்த் எதுவோ அதை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பாட்டரிக்கு அருகே பீடி கூடாது.

இரவல் பாட்டரியில் வண்டியைக் கிளப்பும்போதும் இதே பிரச்சினை உண்டு. பாசிட்டிவ் எர்த் டிராக்டரையும், நெகட்டிவ் எர்த் வேனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒயர் கொடுக்கும்போது இரண்டின் இரும்பும் எங்காவது உரசினால், இரண்டு பாட்டரிக்கும் நேர் ஷார்ட். வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். பிளஸை பிளஸோடும், மைனஸை மைனஸோடும் சேர்க்க வேண்டும். "எர்த்தோடு எர்த்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

முனையை மாற்றிவிடலாமா?

செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுக்காகப் பலர் பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றிக்கொள்கிறார்கள். செய்யலாம். பாட்டரியைத் திருப்பி, இரு கிளாம்புகளையும் குமிழ்களுக்குத் தக்கபடி புதிதாகப் போட வேண்டும். அம்மீட்டரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறுவதை இறங்குவதாகக் காட்டும். பெட்ரோல் வண்டியானால் இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்களையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பொறி பலவீனமாகி, காலையில் கிளம்ப மறுக்கும்.

இஞ்சினைக் கிளப்புவதற்கு முன், டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். லூகாஸ் வகை டைனமோவில் எஃப் டெர்மினலின் ஒயரைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஓர் ஒயரை எடுத்து, எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி வரும், பயப்பட வேண்டாம். பிறகு ஒயரைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். எஃப் ஒயரைக் கழற்றாமல் இதைச் செய்யக் கூடாது. வேறு சில நாட்டு டைனமோக்களின் அமைப்பு வேறு. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. ஆல்டர்னேட்டரில் இதை முயலவே கூடாது.

முடிந்ததும் பாட்டரிப் பெட்டியில் "நெகட்டிவ் எர்த்" என்று பெயின்டால் பெரிதாக எழுதிவிடுங்கள். அடுத்த பாட்டரி மாற்றும்போது நீங்கள் ஊரில் இல்லாமலிருக்கலாம்.

சார்ஜ் ஏறவில்லையா?

நல்ல 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது பெரிதும் இறங்கிவிட்டது. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குச் சற்று முன்பின் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஏறாவிட்டால் பெல்ட்டையும், கார்பன் பிரஷ்ஷையும் முதலில் பாருங்கள். பிறகும் சந்தேகமானால், லூகாஸ் வகை டைனமோவின் இரு ஒயர்களையும் கழற்றி, டி, எஃப் இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்து, அதற்கும் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, இஞ்சின் வேகத்தை மெல்ல உயர்த்துங்கள். வோல்டேஜ் தடையின்றி ஏறினால் டைனமோ நல்லது, குறை கட்டவுட் பெட்டியிலோ ஒயரிலோ இருக்கிறது. ஒரு வோல்ட்டோடு நின்றால் பீல்டு சுருளில் குறை. நான்கு, ஐந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில் குறை. 20 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் நிறுத்திவிட வேண்டும். டைனமோ நல்லது என்று தெரிந்தால், அதைப் பிரித்து ரீவைண்டிங் செய்யச் சொல்பவரிடம் வேலை கொடுக்காமல் திரும்பிவிடலாம்.

ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் பாட்டரி இறங்கிக் கிடந்தால், எர்த் அல்லாத கேபிளைக் கழற்றி (முதலில் எர்த்தை எடுத்துவிட்டு, கேபிளைக் கழற்றிய பின் எர்த்தைத் திரும்ப மாட்டி), அந்தக் கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் நடுவே ஒரு சோதனை பல்பை வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரிந்தால் எங்கோ கசிவு. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் பல்பு அணைகிறதோ, அந்த வழியில் குறை. எல்லாப் பியூஸையும் எடுத்த பிறகும் எரிந்தால் கட்டவுட் முள் ஒட்டிக்கொண்டு, பாட்டரி டைனமோ வழியாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டைனமோவைத் தொட்டால் இஞ்சின் ஓடாமலே வெதுவெதுப்பாக இருக்கும்.

லூகாஸ் முறை ஒயரிங்கில் நிறங்களுக்கு அர்த்தம் உண்டு. பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவி போட்டபின் பியூஸ் வழியாக வருவது. சிவப்பு, சிறு விளக்குகள். நீலம், ஹெட்லைட். கறுப்பு, எர்த். இந்நாளைய வழக்கத்தில் சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று நினைத்துப் பழைய வண்டியில் கைவைத்தால் ஏமாந்துபோவோம். பலமுறை ஒட்டுப் போட்ட வண்டியில் நிறத்தையும் நம்ப முடியாது. சோதனை பல்பைத்தான் நம்ப வேண்டும். பருத்தி நூல் சுற்றிய பழைய ரப்பர் ஒயர் வளைத்தால் பொடியாக உதிரும். அதற்கு டேப் சுற்றிப் பயனில்லை, புதிதாக இழுப்பதே நல்லது. வைக்கோல் போட்டு வைக்கும் கொட்டகையில் எலி கடித்த ஒயரும், பியூஸுக்குப் பதிலாகச் சுற்றிய சிகரெட் தாளும் ஒன்று சேர்ந்தால் கொட்டகையே மிஞ்சாது.

செல்ப் முனகிக்கொண்டு சுற்றினால் உடனே பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செல்ப் அடிக்கும்போது பாட்டரியின் எர்த் குமிழுக்கும் இஞ்சின் இரும்புக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துருவோ பெயின்டோ இருக்கிறது. கிளாம்பில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் வாசலைன் தடவிவிட்டால் புதுப் பாட்டரிச் செலவு மிஞ்சிவிடும். கார்களில் இஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் தனிப் பின்னல் கம்பி உண்டு. அது அறுந்தால் செல்ப்பின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று அதைப் பழுக்கவைக்கும். கேபிள் ஏன் அடிக்கடி கருகுகிறது என்று தெரியாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

டிரெய்லரின் பின் விளக்குக்கும் எர்த்தே எதிரி. டிராக்டரிலிருந்து ஒரே ஒயரை மட்டும் டிரெய்லருக்கு இழுத்துவிட்டு, எர்த்தை இணைப்பு ஊசியின் வழியே போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சேறும் கிரீஸும் படிந்த ஊசி, குலுங்கும்போது ஒரு நொடி தொடும், மறு நொடி விலகும். கொட்டகையில் நன்றாக எரிந்த விளக்கு, கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் இரவில் லாரிகளுக்கு முன்னே போகும்போது அணைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. கறுப்பு ஒயர் ஒன்றைத் தனியாக டிராக்டர் உடலிலிருந்து டிரெய்லர் உடலுக்கு இழுத்து, இரு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, போல்ட்டில் இறுக்குங்கள். சில மீட்டர் ஒயருக்கும் இரண்டு போல்ட்டுக்கும் ஆகிற செலவுதான்.